வளைவுக்கு ஒரு பரிசு

"இது போர்வையா, இல்ல பைப் போடத் தோண்டிப் போட்ட ரோடா?"

ஆடிட்டர் வாசலிலேயே நின்று கேட்டார். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கத் துணித் துண்டுகள். நடுவில், முழங்கை வரை நூல் ஒட்டிக்கொண்டு அவர் மனைவி.

"வளைவுங்க. துண்டுகளை வளைவா வெட்டி இணைக்கிற புது முறை. மிதிச்சுடாதீங்க."

"இத்தனை வருஷமா நேராத்தானே தைச்சுக்கிட்டு இருந்தே? இப்ப எதுக்குக் கோணல் புத்தி?"

எதுக்கு என்று அவருக்கும் தெரியும். போன வருடக் கண்காட்சியில் நடுவர் அம்மாள் அவளுடைய போர்வையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுத்தமான வேலை. ஆனா கை வளரவே இல்லையே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தை அவளுக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அன்றிலிருந்து போர்வைச் சங்கம் மாதாமாதம் வைக்கும் சவால் ஒன்றையும் அவள் விட்டதில்லை. ஒரே நிறத்தில் தைக்கச் சொன்னார்கள், தைத்தாள். அளவுகோல் இல்லாமல் வெட்டச் சொன்னார்கள், வெட்டினாள். நகத்தளவு முக்கோணங்களை இணைக்கச் சொன்ன மாதத்தில் ஆடிட்டரின் சாப்பாட்டுத் தட்டில்கூட இரண்டு முக்கோணங்கள் கிடந்தன.

ஆடிட்டர் ஊரார் கணக்கில் குறை கண்டுபிடித்தே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது குறை சொல்ல அவருக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு ஆள். மனிதர் அதிலும் விடுப்பு எடுப்பதில்லை.

"எது முகம், எது முதுகுன்னாவது ஒரு சீட்டு எழுதி ஒட்டிடு. போத்திக்கிறவங்க குழம்பிடப் போறாங்க."

"முகத்தை நான் பாத்துக்கறேன். முதுகை நீங்க தைங்க."

"நானா?"

"பின்பக்கத்துக்குத் துணி பத்தல. கடைக்குப் போக நேரமும் இல்ல. உங்க பழைய சட்டைங்க ஒரு மூட்டை கிடக்கு, அதை வெட்டி இணைச்சுக் குடுங்க. வாயாலதான் என்னைத் தினம் வெட்டுறீங்க, கொஞ்சம் கத்தரியாலயும் வெட்டிப் பாருங்க."

"எனக்கு ஒரு கோடுகூட நேரா வராதும்மா."

"சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கப்போற பக்கத்துக்கு என்னங்க நேர்க்கோடு? எப்படியாவது ஒப்பேத்துங்க."

அவரும் முணுமுணுத்துக்கொண்டே மிஷினில் உட்கார்ந்து ஒப்பேற்றினார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே பஞ்சு வைத்து மூடி, முகத்தில் இன்னும் நாலு வளைவு சேர்த்து, போர்வையை முடித்தாள். பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். இந்த முறையும் 'வளரவில்லை' என்று சொல்லிவிட்டால் ஊசியையே தொடுவதில்லை என்று முடிவும் செய்துகொண்டாள்.

கண்காட்சி அன்று காலையில் அவர்தான் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், மாடியில் ஏணி மேல் நின்று போர்வைகளைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்த ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தார். பரிசு அறிவித்த பிறகுதான் மாடியைத் திறப்பார்கள். கீழே அரங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆடிட்டர் உட்கார்ந்ததிலிருந்து சட்டைப் பாக்கெட்டையும் பேன்ட் பாக்கெட்டையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க தேடுறீங்க?"

"சீப்பைக் காணோம். மாடிக்கு ஏறுறப்பகூட எடுத்துத் தலை சீவினேன். அப்புறம் பாக்கெட்லதான் வெச்சேன்."

"இருக்கிற நாலு முடியைக் கையாலயே கோதிக்கங்க. பேசாம இருங்க, ஆரம்பிச்சாச்சு."

நடுவர் அம்மாள் மைக்கைப் பிடித்தார். முதலில் நேர்த்திக்கான பரிசு. யாருக்கோ போனது. அடுத்தது நிறச் சேர்க்கைக்கு. அதுவும் யாருக்கோ. அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"புதுமைக்கான பரிசு, ஒன்பதாம் எண் போர்வைக்கு!"

"நம்மளுதுங்க!" அவள் அவர் தொடையில் அடித்த அடி மூன்று வரிசை தாண்டிக் கேட்டது.

"போன வருஷம் இவங்க கை வளரலன்னு நான்தான் சொன்னேன். இன்னிக்கு இந்த மேடையில அதைத் திரும்ப வாங்கிக்கறேன்," என்றார் நடுவர். "என்ன வளைவு! எங்க ஆரம்பிச்சு எங்க போய் முடியுதுன்னு கண்டுபிடிக்கவே முடியல. நல்லாத் தைக்கணுமேங்கிற பயம் துளிகூட இல்ல. இப்படித் தைக்கிற ஆளுக்கு உள்ளுக்குள்ள ஒரு கோபம் இருக்கணும்."

"இருக்கு, இருக்கு," என்று அவள் கணவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "கேட்டீங்களா? பைப் போட்ட ரோடுன்னு சொன்னீங்களே!"

ஆடிட்டர் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கணக்கில் பிழை இருப்பதை ஒப்புக்கொண்டார். "தப்புதாம்மா. உன் கை வளர்ந்துடுச்சு. போ, போய் வாங்கிக்கோ."

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். கைத்தட்டல் அடங்கட்டும் என்று கையை உயர்த்திய நடுவர் தொடர்ந்தார்.

"இருங்க, முக்கியமானதைச் சொல்லவே இல்லையே. வளைவு யாரு வேணா தைப்பாங்க. ஆனா, நட்டநடுவுல பழைய சட்டையோட பாக்கெட்டை அப்படியே விட்டு, அதுக்குள்ள ஒரு சீப்பையும் செருகி வெக்கிற துணிச்சல் யாருக்கு வரும்?"

எழுந்தவள் மெல்ல உட்கார்ந்தாள். ஒரு வருடமாக அவள் காத்திருந்த பாராட்டும், காலையிலிருந்து அவர் தேடிய சீப்பும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன.