அத்தானின் வெள்ளைச் சட்டை

"ஒரிஜினல் குரோம் சார். மாமனார் இதைக் கைக்குழந்தை மாதிரி வச்சிருந்தாரு," என்றார் அத்தான், இரண்டடி தள்ளி நின்றபடி.

இந்தக் காரை அத்தான் ஒருநாளும் தொட்டதில்லை. வாங்க வந்தவர் எஞ்சினைப் பார்க்கக் கேட்டபோது டிக்கியைத் திறந்து காட்டினார்.

பம்பரில் இருந்தது குரோம் அல்ல. குரோம் போலத் தெரியும் பெயிண்ட். அத்தான் சொல்லி அடித்தது நான்.

முதலில் பளபளக்கும் கறுப்பு. ஒரு நாள் காய வேண்டும். அதன்மேல் மூச்சுவிட்டது போல மெல்லிசாக வெள்ளிப் பூச்சு. பிறகு ஏழு நாள் தொடவே கூடாது. தொட்டால் கையோடு வந்துவிடும். கார் பெயிண்டிங் மாலை வகுப்பில் சொன்னதை வரி விடாமல் நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதியதை மூன்று முறை சரிபார்ப்பேன். அப்படியும் எனக்குச் சந்தேகம் தீராது.

அத்தானுக்கு அந்த நோட்டைப் பார்த்தாலே சிரிப்பு. என்னை 'விஞ்ஞானி' என்பார்.

அப்பா இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறார். அதற்குள் அவருடைய கார் போய்விட வேண்டும் என்பது அத்தானின் திட்டம். இன்சூரன்ஸ் தாள் என்று சொல்லிக் கையெழுத்துகூட வாங்கியாயிற்று. அப்பாவிடம் உண்மையைச் சொன்னால் மனசு கஷ்டப்படுவாராம். எவ்வளவு பெரிய மனது.

காலையில் பூச்சு அடித்த தேதி எழுதிப் பம்பரில் நான் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, விரல்விட்டு ஏழு நாள் எண்ணி, பிய்த்து எறிந்தவர் அவர்தான்.

"பாருங்க சார், கண்ணாடி மாதிரி!" என்று இப்போது முதன்முறையாகக் காரை நெருங்கினார். சட்டைக் கையாலேயே பம்பரை அழுத்தித் துடைத்தார்.

கண்ணாடி சாம்பலானது. வெள்ளைச் சட்டையின் கையும்தான்.

வந்தவர் சட்டைக் கையைப் பார்த்தார். அத்தானின் முகத்தைப் பார்த்தார். செருப்பைத் தேய்த்தபடி வெளியே போய்விட்டார்.

"ஒரு தேதி ஒழுங்கா எழுதத் தெரியல, இதுல உனக்குக் கிளாஸ் வேறயா?"

"தப்பா எழுதிட்டேன் போல, அத்தான்."

அவர் குழாயடியில் சட்டைக் கையைத் தேய்க்கத் தேய்க்க, கறை முழங்கைவரை ஏறியது.

நான் அறைக்குப் போய் நோட்டைத் திறந்தேன். பூச்சு அடித்து இன்றோடு மூன்று நாள். நோட்டில் தேதி சரியாகத்தான் இருக்கிறது.

சீட்டில் மட்டும் நான்கு நாள் முன்தேதி. ஒட்டுவதற்கு முன், அதையும் மூன்று முறை சரிபார்த்திருந்தேன்.