நீலப் பொட்டு

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சிலந்தியின் முதுகைப் பார்த்தாள்.

நீலப் பொட்டு இல்லை.

அடுத்த வலை. அங்கும் இல்லை.

அளந்து முடித்த ஒவ்வொரு சிலந்திக்கும் முதுகில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். அது அவள் ஆய்வின் சட்டம். இந்த ஏரிக்கரைச் சிலந்திகளை அளப்பது அவளுடைய உதவியாளன் சகாயராஜின் வேலை.

நகரத்துத் தெருவிளக்கடியில் சிலந்தி கொழுக்கும். முட்டையும் இரண்டு மடங்கு வைக்கும். ஊருக்கு வெளியே, இந்த ஏரிக்கரையில், சின்னதாகவே நிற்கும். மூன்று வருடமாக அப்படித்தான். அவளுடைய பட்டமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இந்த மாதம் சகாயராஜ் எழுதித் தந்த நோட்டில் ஏரிக்கரைச் சிலந்திகளும் கொழுத்திருந்தன.

அதெப்படி?

வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து நகரத்து அளவுகளைப் பார்த்து எழுதியிருப்பான். மனைவிக்கு நிறைமாதம். இரண்டு பஸ் மாறி இங்கே வர மனம் வந்திருக்காது. ஏரிக்கரைக்குப் போனாயா என்று கேட்டபோதுகூட முகத்தைப் பார்க்காமல்தான் தலையாட்டினான்.

பத்து வலை. ஒரு பொட்டு இல்லை.

கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. அங்கிருந்தே பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினாள். 'சகாயராஜ் இங்கே வரவே இல்லை.'

உடனே பதில் வந்தது. 'நாளையிலிருந்து அவன் வேண்டாம். சொல்லிவிடுகிறேன்.'

அப்பாடா என்றிருந்தது.

இருட்டத் தொடங்கியது. அவளுக்குப் பின்னால் பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

திரும்பினாள். விளக்குக் கம்பம். அதற்கு அப்பால் புதிதாக நட்ட மனைக் கற்கள். வந்த வேகத்தில் வலைகளைத் தவிர எதையும் அவள் பார்க்கவில்லை.

பூச்சிகள் விளக்கை மொய்த்தன. வலைகள் நிறைந்துகொண்டே வந்தன.

அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது. வலையோரத்தில் ஒரு தோல் தொங்கியது. சிலந்தி உரித்துப் போட்ட தோல்.

அதன் முதுகில் நீலப் பொட்டு.

அடுத்த வலையிலும் ஒன்று.

வளர்கிற சிலந்தி தோலை உரிக்கும். பொட்டும் அதோடு போய்விடும். சகாயராஜுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

போன் அடித்தது. அவன்தான்.

"மேடம், நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு இப்பத்தான் சொன்னாங்க. ஏரிக்கரையில லைட்டு போட்டுட்டாங்கன்னு நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதியிருந்தேனே... பாக்கலையா?"

அவள் கடைசிப் பக்கம் வரை போகவே இல்லை.

போனைக் காதில் இடுக்கியபடி தோலைக் கண்ணாடிக் குப்பியில் போட்டாள். வழக்கம்போல் சீட்டு எழுதினாள். இடம். தேதி. அளந்தவர் பெயர்.

சகாயராஜ் என்று எழுதினாள்.

அவன் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தான்.