ஆணி இல்லாத மணை

டங்... டங்... டங்...

தூக்கத்திலேயே ஜெயசுந்தருக்குத் தெரிந்துவிட்டது. மரத்தின் மேல் மரம் விழுகிற சத்தம் இல்லை இது. இரும்பு.

ராத்திரி முழுக்க சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்றுவிட்டு வந்து, பகலில் படுக்கிற மனுஷன். பனியனோடு கொல்லைப்புறம் ஓடினார்.

தகரக் கொட்டகையில், அவர் செய்து அடுக்கியிருந்த ஆறு குட்டி மணைகளுக்கு நடுவில் பக்கத்து வீட்டு இக்பால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சுத்தியல்.

"முழிச்சிட்டீகளாண்ணே? சத்தமில்லாம முடிச்சிரணும்னுதான் பாத்தேன்."

"என்ன செய்யிறீக பாய்?"

"ஜும்மா முடிஞ்சு வந்தேன். சும்மா உக்காந்து பாத்தா கால் லேசா ஆடுது. நச்சுன்னு ஆணிய இறக்கிட்டேன். மூங்கிலச் சீவிச் சீவிச் சொருகிக்கிட்டுக் கிடக்கீகளே, நான் வேலை பாக்குறதே ஹார்டுவேர் கடை. ஒரு வார்த்தை கேட்டா ஆணி கொண்டாந்து தர மாட்டேனா?"

தெருவே கேட்கிற கேள்விதான். மனைவி ஸ்வீட்டி போனதிலிருந்து மூன்று வருஷமாக இந்த மணை வேலை. செல்போனில் பார்த்துத் தானாகப் படித்தது. ஆணிக்குக்கூடக் கஞ்சத்தனம். கேட்டவர் யாருக்கும் ஒரு மணை கொடுத்ததில்லை. மாசத்துக்கு ஒரு தடவை லோடு ஆட்டோ வந்து அள்ளிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று கேட்டால் ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"எதுல எதுல அடிச்சீக?"

"ஆடுனதுல எல்லாம் ரெண்டு ரெண்டு. தலைய நல்லா உள்ள தள்ளி, மரத்தூளப் பசையில குழைச்சு மூடிட்டேன். வெளிய தெரியவே தெரியாது. தடவிப் பாருங்க."

ஜெயசுந்தர் தடவிப் பார்த்தார். தெரியவில்லை. அவர் முகம் வெளிறிப் போயிற்று.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை எடுத்து, மணை மணையாகத் தேய்த்தார். மூன்றில் பிடித்தது. மூன்றில் பிடிக்கவில்லை. ஆணி ஆழமாக இறங்கியிருந்தால் காந்தத்துக்கு எட்டாது; மறுபடியும் தேய்த்தார்.

"இந்த மூணுல அடிச்சீகளா, இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பாய். நாளைக்கு வண்டி வருது."

"அடிச்ச மாதிரியும் இருக்கு, அடிக்காத மாதிரியும் இருக்கு. ஆணிதானண்ணே, அணுகுண்டா வச்சேன்?"

ஜெயசுந்தர் கோடாலியை எடுத்தார். ஆறையும் பிளந்தார். ஒரு மாசத்துப் பகல் தூக்கம் பத்து நிமிஷத்தில் விறகாயிற்று.

இக்பால் சுவரோரம் ஒதுங்கி நின்று கத்தினார்: "நல்லது செய்ய வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்! தெருவுல ஒருத்தருக்கு ஒண்ணு குடுக்க மனசில்ல, உடைக்க மட்டும் மனசு வருதோ?"

வாசலில் பட்டாசுக் கம்பெனி வேன் நின்று கிளம்பியது. தூக்குவாளியும் கையுமாக இக்பாலின் மனைவி நசிமா இந்தச் சத்தத்துக்கு நேராக இங்கேயே வந்தாள்.

"என்னங்க, தெருமுனை வரைக்கும் கேக்குது?"

"உங்க அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. ஆணி அடிச்சேன்னு அம்புட்டையும் உடைச்சுப் போட்டாரு."

நசிமா கீழே கிடந்த ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். நடுவில் லேசாகக் குழித்த உட்காரும் பலகை. அதை விரலால் தடவினாள்.

"ஏங்க... இது எங்க மணைல்ல?"

"உங்க மணையா?"

"மருந்து ரூம்ல நாங்க உக்காருறது. தரையில உக்காந்து உக்காந்து முட்டி போகுதுன்னு மாசாமாசம் யாரோ அனுப்புறாக. பேரு சொல்ல வேண்டாம்னுட்டாகளாம். சர்ச்சுல இருந்து வருதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

இக்பால் திரும்பி ஜெயசுந்தரைப் பார்த்தார்.

"கம்பெனி கேட்டுலயே கொண்டை ஊசியக்கூடக் கழட்டி வாங்கிருவாக. இரும்பு உரசி ஒரு பொறி போதும். அதுல போயி ஆணி அடிச்சிருக்கீக! நாளைக்கு அது மேல உக்காரப் போறது யாரு? நான்தான்."

இக்பால் சுத்தியலை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

நசிமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஸ்வீட்டி அக்கா அங்கன வெடியில போனாக. மத்தவகளாவது நல்லா இருக்கட்டும்னு செய்யிறீக. வெளிய மூச்சு விடல. இந்த மனசு யாருக்குண்ணே வரும்?"

ஜெயசுந்தர் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மனசெல்லாம் இல்லம்மா. நான் செஞ்ச மொத மணை அவளுக்குத்தான். முட்டி வலிக்குதுன்னா. அப்ப எனக்கு மூங்கில் சீவத் தெரியாது."

ஒரு துண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஆணியைத் திருகிப் பிடுங்கினார்.

"ரெண்டு ஆணி அடிச்சேன். பாக்க லட்சணமா இருக்கட்டும்னு பாய் மாதிரியேதான் மரத்தூள் வச்சு மூடினேன். கேட்டுலயும் யாருக்கும் தெரியல. அதனாலதான் வெடிச்சுச்சான்னு யாரும் எங்கிட்டக் கேக்கல. நானும் யார்கிட்டயும் சொல்லல."

பிடுங்கிய ஆணியை இக்பாலின் கையில் கொடுத்தார். புதுப் பலகை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு மூங்கில் குச்சியை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.