முட்டி என்ன சொல்லுது?

"ரதோமிர் அண்ணே, முட்டி என்ன சொல்லுது?" என்று மாடியிலிருந்து கத்தினாள் வுகோசாவா.

கால்பந்தில் அறுந்த முட்டித் தசைநாருக்கு ரதோமிர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஏழு வருடமாகிறது. இன்னமும் மழைக்கு முந்தின இரவே முட்டி குத்தத் தொடங்கிவிடும். அதைக் கேட்டுத்தான் அந்தக் குடியிருப்பே துணி காயப்போடும்.

"ஒண்ணும் சொல்லல. தைரியமா அடுப்ப மூட்டுங்க!"

குளிர்காலத்துக்கு அய்வார் விழுது கிளற, முற்றமெங்கும் சிவப்புக் குடைமிளகாய் சுட்டார்கள். மதியம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அடுப்புகள் அணைந்தன. விழுதெல்லாம் தண்ணீர்.

"உங்க முட்டிக்கு எங்க வீட்டுப் பூனையே தேவலாம்!" என்றாள் வுகோசாவா.

ரதோமிர் தலைகுனிந்து நின்றான். தினமும் அவனை அதட்டி உருட்டிக் கால் பயிற்சி செய்யவைக்கும் மனைவி தேசாங்கா, நனைந்தபடி வந்தாள். அடுத்த அர்ச்சனை இவளுடையதுதான் என்று நினைத்தான்.

"ராத்திரி வலிக்கலையா?"

"இல்லயே."

"இப்ப?"

அவன் காலை மடக்கி நீட்டிப் பார்த்தான். "இல்லடி..."

தேசாங்காவின் கையிலிருந்த மிளகாய்க் கூடை நழுவியது. அழுகையும் சிரிப்புமாக மாடியைப் பார்த்துக் கத்தினாள்:

"வுகோசாவா! இனிமே மழைய டிவியில கேட்டுக்கோ. எங்க முட்டி ரிட்டயர் ஆயிடுச்சு!"