ஏரியிலிருந்து வந்த கெண்டை

தண்ணீரில் பொரி விழும் மெல்லிய சத்தத்தை ஏரிக் கெண்டை முதன்முதலில் கேட்டது, அதன் அக்கா தூண்டிலில் மாட்டிய அன்று. பிறகொரு வெள்ளம் அதைக் கோயில் குளத்தில் கொண்டுவந்து விட்டது. அங்கே சனங்கள் படியில் உட்கார்ந்து பொரி போட்டார்கள். மீன்கள் அவர்கள் கையை உரசிக்கொண்டு தின்றன.

“ஏரிக்காரி, பாசியைத் தின்னு முள்ளாப் போயிட்டே. வந்து சாப்பிடுடி,” என்றது ஒரு கொழுத்த மீன்.

“கை இருந்தா தூண்டிலும் இருக்கும்,” என்றது கெண்டை.

“இது சாமி குளம். இங்கே மீன் பிடிச்சா ஊரே உதைக்கும்.”

“அது கைக்குத் தெரியுமா?”

அந்த வருஷம் கெண்டைக்குக் குஞ்சுகள் பிறந்தன. பொரியை நோக்கிப் பாய்ந்தவற்றை அது மறித்தது.

“போகாதீங்க. தூண்டில் இருக்கும்.”

“தூண்டில்னா என்னம்மா?” என்று கேட்ட குஞ்சுகள், பதிலுக்கு நிற்காமல் போய்விட்டன.

கெண்டை இன்னும் இரண்டு வருஷம் பாசியைத் தின்றே இருந்து, மெலிந்து செத்துப்போனது.