மூன்றாவது லாரி

முற்பகல் வெயிலில் கழிவுநீர்க் குளம் பச்சையாக மின்னுகிறது. குப்பைமேட்டிலிருந்து வடிந்த கறுப்புச் சாற்றைச் சுமந்துகொண்டு ஒரு டேங்கர் லாரி கரையில் உறுமி நிற்கிறது. இன்றைக்கு இது மூன்றாவது. சாக்கடைத் தண்ணீரோடு அளவாகக் கலந்தால் குளத்து நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். ஒரு நாளில் இரண்டு லாரிக்கு மேல் போனால் அவையே செத்துப்போகும். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் லாரிக்குக் குறுக்கே வந்து நிற்கிறாள். “திருப்பிக் கொண்டு போ தம்பி.” ஓட்டுநர் கண்ணாடியை இறக்குகிறான். “எங்கக்கா கொண்டு போறது? அங்க குப்பைமேட்டுக் குழி ரொம்பி நிக்குது. இன்னும் ஒரு சாண் ஏறினா ஓடையில இறங்கிடும். கீழ ஊர்ல எல்லாரும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க.” அவள் மேலாளருக்குப் போன் போடுகிறாள். “பாத்து செய்மா” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிடுகிறார். விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. ஓட்டுநர் இறங்கி லாரியில் குழாயை மாட்டுகிறான். அவள் குனிந்து வால்வைத் திருகுகிறாள். “பாதிதான் விடுவேன்.” “மீதிய என்ன பண்றது?” மூடவும் மனம் வராமல், முழுதாகத் திறக்கவும் துணியாமல், அவள் கை வால்வுச் சக்கரத்திலேயே இருக்கிறது. பச்சையின் மேல் கறுப்பு மெல்லப் படர்கிறது.