செல்லமாகத் தட்டியவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக் காவலாளி தேவசகாயத்தின் ஒற்றை அறை வீட்டில், அவன் தோளில் கை போட்டபடி எம்.எல்.ஏ. நிற்கிறார். கம்பெனி வாசலில் காரை மறித்து அனுமதிச் சீட்டு கேட்டதற்காக முந்தாநாள் அவன் கன்னத்தில் அறைந்ததும் இதே கைதான். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டதால் இன்று இன்னொரு வீடியோ எடுக்கிறார்கள். கேமரா விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் சுவரின் விரிசல்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. எம்.எல்.ஏ.வின் சென்ட் வாசம் மூச்சை அடைக்கிறது.

"அண்ணன் என்னிய செல்லமாத்தான் தட்டுனாரு," என்கிறான் தேவசகாயம், மூன்றாவது முறையாக.

"சிரிச்சிக்கினே சொல்லுப்பா. வேல வோணுமா, வோணாமா?" என்கிறார் எம்.எல்.ஏ.வின் உதவியாளர்.

அவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவன் மனைவி ஏஞ்சலின் நீட்டிய டீயைப் பார்க்காமல், அவனைத் தொட்ட கையைக் கைக்குட்டையால் துடைத்தபடி எம்.எல்.ஏ. வெளியேறுகிறார். விளக்கு அணைகிறது.

"அடிச்சவனுக்கே சாட்சி சொல்றியே, இன்னா மனுசன்யா நீ?" ஏஞ்சலினின் குரல் உடைகிறது.

"நெசமாவே வலிக்கல ஏஞ்சலு," என்கிறான் அவன். அந்தச் சிரிப்பை அவன் இன்னும் நிறுத்தவில்லை.